நகர வெளிச்சமும் கோள்களின் படங்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் விளக்கொளிக்கு நடுவே தொலைநோக்கியை நிறுத்தி நிலாவையோ வியாழனையோ படம் பிடிப்பது வீண்வேலை என்றும், அதற்கு ஊட்டிக்கோ வால்பாறைக்கோதான் போக வேண்டும் என்றும் நம்புவோர் உண்டு. விண்மீன் திரள்களையும் நெபுலாக்களையும் பொறுத்தவரை இது மெய்யே. அவற்றின் மங்கிய ஒளி நகர வானத்தின் வெளிச்சத்தில் மூழ்கிவிடும். ஆனால் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும் நிலாவின் பரப்பும் வியாழனின் பரப்பும் நகர வானத்தைக் காட்டிலும் பன்மடங்கு பிரகாசமானவை ஆதலால், தெருவிளக்குகள் அவற்றின் படத்தை ஏறக்குறையத் தீண்டுவதே இல்லை.

உண்மையான தடை காற்றின் அசைவு. வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகள் ஒன்றோடொன்று கலக்கும்போது அவற்றினூடே வரும் ஒளி வளைந்து நெளிவதால், கோளின் உருவம் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நடுங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காற்று பாய்ந்துவரும் ஆனி, ஆடி மாதங்களில் இந்த நடுக்கம் மிகுவதற்கு வாய்ப்பு அதிகம். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளங்களும் தார்ச்சாலைகளும் வெப்பத்தை வெளிவிடும் முன்னிரவும் அவ்வாறே. மலையேறினால் மட்டும் இது தீர்ந்துவிடாது. முகடுகளைக் கடந்துவரும் காற்று சுருண்டு கலங்குவதால், இருண்ட மலைவானத்தின் கீழும் வியாழன் கலங்கித் தெரிவதுண்டு. மாறாக, லேசான புகைமூட்டத்தோடு காற்று அசையாது நிற்கும் நகரத்து இரவொன்று கோள்களுக்கு அருமையான இரவாக அமையக்கூடும்.

இவ்விடத்தில் கொங்கு நாட்டுக்கு வாய்த்த நற்பேறு ஒன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், வியாழனும் சனியும் தம் பாதையின் தென்கோடியில் இருக்கும் ஆண்டுகளிலும்கூட அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 55 பாகை உயரத்துக்கு ஏறிவிடுகின்றன. அதே ஆண்டில் லண்டனில் அவை 15 பாகைக்கு மேல் எழுவதரிது. அங்கே அவற்றின் ஒளி கோவையில் கடப்பதைப் போல மூன்று மடங்கு காற்றைக் கடந்தே வந்தாக வேண்டும். பிலிப்பைன்ஸின் செபு, கோவையைப் போலவே நில நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள வெளிச்சம் மிக்க நகரம். அங்கிருந்து படம் பிடித்த கிறிஸ்டோபர் கோ என்னும் தொழில்முறை சாராத வானியலாளர்தான், வியாழனின் வெண்ணிறப் புயலொன்று சிவப்பாக மாறியிருந்ததை 2006 பிப்ரவரியில் முதலில் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

பல படங்களை அடுக்கிச் செய்த படம் புனைவு என்பது இன்னொரு தவறான எண்ணம். நடுங்கும் காற்று இடையிடையே கணநேரம் அமைதியடைவதால், ஆயிரக்கணக்கான சட்டங்கள் (பிரேம்கள்) கொண்ட வீடியோவை எடுத்து, தெளிவான சட்டங்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருளால் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். தற்செயலான புள்ளிக்கறைகள் சட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறைவதால், 900 சட்டங்களைச் சேர்த்தால் கறை முப்பதில் ஒரு பங்காகிறது. கோளில் இல்லாத எதுவும் இதனால் வந்து சேர்வதில்லை. பிற்பாடு கூர்மையை அளவு மீறி ஏற்றினால் பொய்விளிம்புகள் தோன்றும் என்பது உண்மையே. அந்தக் குற்றம் அடுக்கும் முறையைச் சேர்ந்ததன்று. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால், வீடியோ சில நிமிடங்களைத் தாண்டினால் அதன் பட்டைகளிலுள்ள நுண்கூறுகள் மங்கிப்போகும்.

முழுநிலா நாளே நிலாவைப் படமெடுக்க உகந்தது என்ற எண்ணமும் பிழையே: அன்று நிழல்கள் மறைந்து பள்ளமும் மேடும் தட்டையாகிவிடும், வளர்பிறை எட்டாம் நாளையொட்டி, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகேதான் அவை எடுப்பாகத் தெரியும்.

பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து கோவையில் பொறியியல் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-1 திட்டத்தை இயக்கியவர் என்பதால், பின்னாளில் சந்திரயான்-3 திட்டத்தில் நிலவில் இறங்கிய விக்ரம் கலத்தை வீட்டுத் தொலைநோக்கியில் காண முடியுமா என்ற கேள்வி கோவையில் எழுவது இயல்பு. முடியாது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, காற்று எவ்வளவு அமைதியாக இருந்தாலும், நிலாவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த கூறுகளைப் பிரித்துக் காட்டாது; சுமார் 2 மீட்டர் அகலமுள்ள கலத்தின் உருவத்தைப் பிரித்துக் காண 100 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம் தேவைப்படும். ஆனால் 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கிய தென்துருவப் பகுதிக்கு அருகிலுள்ள மான்சினஸ் பள்ளம் 100 கிலோமீட்டரை நெருங்கும் அகலமுடையது. நிலாவின் தென்விளிம்பு பூமியை நோக்கிச் சற்றே சாயும் நாட்களில் அதை உக்கடத்து மொட்டைமாடியிலிருந்தே படமாக்க முடியும்.