பறங்கி நோயும் கஸ்ரெலானியின் பரிசோதனைகளும்



நிர்ப்பீடனம் பற்றிய வினாவுக்குப் பலர் "பிறபொருளெதிரிகள் கிருமிகளை அழிக்கும்" என்று ஒரே வரியில் விடையெழுதி முடித்துவிடுகிறீர்கள். அது தவறன்று. ஆனால் எந்தப் பிறபொருளெதிரி எந்தக் கிருமியைத் தாக்கும் என்பதே முக்கியமானது. இதனை விளங்கிக்கொள்ள நமது நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம்.

பறங்கி என்றொரு நோய் இருந்தது. உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், பெயரையாவது கேள்விப்பட்டிருக்கக்கூடும். ஆங்கிலத்தில் இதனை யோஸ் என்பர். வன்னி உட்பட உலர் வலயக் கிராமங்களில் இது மக்களை வாட்டியது. 1881 இல் அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி இந்நோய் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். பெரும்பாலும் 15 வயதிற்குக் குறைந்த சிறுவர்களையே இது பீடிக்கும். புண்ணிலிருந்து கசியும் நீர் மற்றொரு பிள்ளையின் கீறலிலோ சிராய்ப்பிலோ பட்டால் நோய் தொற்றும். ஏறத்தாழ மூன்று வாரங்களின் பின் அவ்விடத்தில் புடைத்த புண் தோன்றும். கவனியாது விட்டால் பல ஆண்டுகளின் பின் எலும்பும் மூக்கும் சிதைந்து உருக்குலையும்.

பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயருடன் வந்த நோய் என்ற நம்பிக்கையால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியவர்களும் அவர்களே. ஆனால் ஒரு நோயின் பெயர் அதன் காரணத்துக்குச் சான்றாகாது.

காரணத்தைத் தேடியவர் இத்தாலியரான அல்டோ கஸ்ரெலானி. இவர் 1903 முதல் 1915 வரை இலங்கையில் பணிபுரிந்து, கொழும்பில் பற்றீரியாவியல் ஆய்வை நடத்தினார். படர்தாமரை போன்ற பங்கசுத் தோல் நோய்களுக்குப் பூசும் "கஸ்ரெலானிப் பூச்சு" இவர் பெயரால் அறியப்படுவது. 1905 இல் பறங்கிப் புண்ணின் கசிவை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மிக மெல்லிய, சுருள் வடிவான ஒரு பற்றீரியாவைக் கண்டார். அதற்கு அவர் இட்ட பெர்ரெனுயிஸ் என்னும் இலத்தீன் பெயரின் பொருளும் "மிக மெல்லியது" என்பதே.

புண்ணில் ஒரு கிருமி இருப்பதனால் மட்டும் அதுவே நோய்க்குக் காரணம் என்று கூறலாமா? திறந்த புண்ணில் வேறு கிருமிகளும் வந்து சேரும். இக்கிருமியை அக்காலத்தில் ஆய்வுகூடத்தில் தனியாக வளர்க்கவும் முடியவில்லை. ஆகவே அவர் வேறு வழியை நாடினார். சுருள் பற்றீரியாவைக் கொண்டதும், வேறு கிருமிகள் தென்படாததுமான புண் சாற்றைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்; நோய் தொற்றியது. அச்சாற்றை நுண்ணிய வடிகட்டியினூடாகச் செலுத்திப் பற்றீரியாவை நீக்கியபின் கொடுத்தபோது நோய் தொற்றவில்லை. இரண்டாவது சாறே இங்கு கட்டுப்பாடு. அது இல்லாவிடின் முதலாவது முடிவுக்கு வலுவில்லை.

இனி நிர்ப்பீடனத்துக்கு வருவோம். அதே 1905 இல் ஜேர்மனியில் ஷௌடின், ஹொஃப்மன் என்போர் சிபிலிசு என்னும் பாலியல் நோயின் கிருமியைக் கண்டறிந்தனர். அதுவும் சுருள் வடிவானது. பறங்கிக் கிருமியிலிருந்து பார்வைக்குப் பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒன்றேயாயின், பறங்கி வந்த சிறுபிள்ளை மீது பாலியல் நோயென்னும் பழி விழும். கஸ்ரெலானி பறங்கி ஏற்பட்ட குரங்குகளுக்குச் சிபிலிசுக் கிருமியைச் செலுத்தினார், அது தொற்றியது. சிபிலிசு ஏற்பட்ட குரங்குகளுக்குப் பறங்கியும் தொற்றியது. ஒரு நோய் கொடுத்த நிர்ப்பீடனம் மற்றதைத் தடுக்கவில்லை. 1907 இல் இம்முடிவுகளை வெளியிட்டார். கிருமியைக் கண்டுபிடித்ததே பெரிதாகப் பேசப்படுகிறது. எனினும் மாணவருக்கு அதிகம் கற்பிப்பது இப்பரிசோதனையே என்பது எமது கருத்து.

நிர்ப்பீடனத்தின் இத்தனித்துவத்தை அவர் 1902 இலேயே வேறு விதமாகப் பயன்படுத்தியிருந்தார். நெருப்புக்காய்ச்சல் கிருமிக்கு எதிரான சீரம், அதற்கு உறவான வேறு கிருமிகளையும் சில வேளைகளில் ஒன்றுதிரளச் செய்யும். அச்சீரத்துடன் நெருப்புக்காய்ச்சல் கிருமியைக் கலந்து நீக்கினால், இரு திரளச் செய்யும் ஆற்றல்களும் போய்விடும். உறவான கிருமியைக் கலந்து நீக்கினாலோ அதற்குரிய ஆற்றல் மட்டுமே போகும். நெருப்புக்காய்ச்சல் கிருமியைத் திரளச் செய்யும் ஆற்றல் எஞ்சும். இவ்வாறு சீரம் எக்கிருமிக்குரியது என அறியலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பறங்கிக் கிருமியும் சிபிலிசுக் கிருமியும் ஒரே இனத்தின் இரு துணையினங்கள் என்றே இன்று வகைப்படுத்தப்படுகின்றன. பின்னர் விலங்குகளில் செய்த ஆய்வுகள், ஒன்றினால் வந்த நிர்ப்பீடனம் மற்றதற்கும் ஓரளவு பாதுகாப்புத் தரக்கூடும் எனக் காட்டின. வழக்கமான குருதிப் பரிசோதனைகளால் இன்றும் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. வைத்தியர் நோயாளியின் வயது, புண்ணின் இடம், வாழும் பிரதேசம் ஆகியவற்றையும் கருதியே தீர்மானிப்பார்.

நீண்டகாலம் செயற்படும் பெனிசிலின் ஊசி ஒன்றே பறங்கியைக் குணப்படுத்தும். உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் 1964 வரை நடத்திய இயக்கத்தில் 46 நாடுகளில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் சிகிச்சை பெற்றனர். வாயால் உட்கொள்ளும் அசித்ரோமைசின் மருந்தின் ஒரு வேளையும் போதுமென 2012 இல் காட்டப்பட்டது. 2016 இல் இந்தியா பறங்கியற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

பயிற்சி வினா: பறங்கி ஏற்பட்ட குரங்குகளுக்குச் சிபிலிசு தொற்றாதிருந்தால், இரு நோய்களும் ஒரே கிருமியால் உண்டாவன என்று உறுதியாகக் கூறமுடியுமா? காரணம் தருக. (குறிப்பு: எச்சரிக்கைப் பந்தியை மீண்டும் வாசித்தபின் எழுதுக. "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது.)