சபதம் போட்ட ராஜா

கொல்கத்தாவில் பவானிபூர் என்று ஒரு பகுதி. 1915-ல் அங்கே பிறந்தவர் சம்பு மித்ரா. பெரிய நாடகக் கலைஞர். 1964-ல் இவருடைய 'பஹுரூபி' குழு ஒரு கிரேக்க நாடகத்தை வங்காள மொழியில் போட்டது. அதன் பெயர் 'ராஜா ஈடிபஸ்'. ராஜாவாக நடித்தவர் சம்பு மித்ரா.

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் சோஃபக்ளீஸ் எழுதிய நாடகம் அது. கதையைக் கேளுங்கள்.

தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். முந்தைய ராஜாவைக் கொன்றவனைத் துரத்தினால்தான் நோய் போகும் என்று கோவிலில் குறி சொன்னார்கள். கொலைகாரன் யாராக இருந்தாலும் பழி தீர்ப்பேன் என்று ஈடிபஸ் சபதம் போட்டான்.

விசாரணை நடந்தது. கிழட்டு இடையன் ஒருவன் உண்மையைச் சொன்னான்.

ஈடிபஸ் அந்த ராஜாவின் மகன்! இவன் தகப்பனைக் கொல்வான் என்று முன்பே குறி சொல்லியிருந்தார்கள். பயந்துபோன பெற்றோர், குழந்தையைச் சாகவிடச் சொல்லி இடையனிடம் கொடுத்துவிட்டார்கள். இடையன் இரக்கப்பட்டான். குழந்தை வேறு நாட்டில் வளர்ந்தது. வாலிபனானதும், ஒரு முச்சந்தியில் வழித்தகராறு. யாரென்று தெரியாமல் ஒருவரை அடித்துக் கொன்றான். அவரே தகப்பன். பிறகு அவன் மணந்த ராணியே தாய்.

ராணி தூக்கில் தொங்கினாள். ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டான்.

விசாரணையை நிறுத்தச் சொல்லி ராணி கெஞ்சியிருந்தாள். அவன் நிறுத்தவில்லை. ஊருக்குச் சொன்ன நீதியைத் தனக்கும் ஏற்றான்.

பேசுவோம்

1. பெற்றோர் செய்தது துரோகமா, பயமா?
2. முச்சந்தியில் ஈடிபஸ் கோபத்தை அடக்கியிருந்தால்?
3. கோவலனை விசாரிக்காமல் கொன்ற பாண்டியனையும் ஈடிபஸையும் ஒப்பிட்டுப் பேசுங்கள்.