வைஃபைக்குப் பூட்டு வேண்டாம், பாத்தி கட்டுங்கள்

எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் 14 பேர். யூடியூப், கிரிக்கெட் என்று வேலை நேரத்திலேயே பார்க்கிறார்கள். பையருக்கு மெயில் போவதே இழுக்கிறது. எல்லாத் தளங்களையும் முடக்கிவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

முடக்காதீர்கள். முடக்கினால் சொந்த டேட்டாவில் பார்ப்பார்கள். நேரம் திரும்பாது, மனக்கசப்புதான் மிஞ்சும்.

முதலில் லைனைப் பிரியுங்கள். பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட்’ வைஃபை வசதி உண்டு. செல்போன்களை அதில் விட்டு, வேக வரம்பு வையுங்கள். அலுவலகக் கணினிகளுக்கு முழு வேகம் கிடைக்கும். லைனைத் தின்பது வாட்ஸ்அப் செய்தி அல்ல, வீடியோதான்: எச்டி-யில் ஒரு மணி நேரம் ஓடினாலே 1 ஜிபி தாண்டும். எனவே கணினிகளில் வீடியோவை மட்டும் வேலை நேரத்தில் நிறுத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் திறந்துவிடுங்கள்.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்து விதியைச் சொல்லுங்கள். தமிழில் எழுதி ஒட்டுங்கள். அது உங்களுக்கும் பொருந்தட்டும்.

தனிப்பட்ட செய்திகளை மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. குழந்தையின் பள்ளியிலிருந்து வரும் செய்தியை ஒரு தாய் பார்ப்பது குற்றமல்ல. சாம்பிள் நேரத்துக்குப் போனதா, ஷிப்மென்ட் தவறாமல் கிளம்பியதா? அதைக் கணக்கெடுங்கள். நம்பிக்கை வைத்தால் உங்கள் ஆட்கள் நிச்சயம் காப்பாற்றுவார்கள்.