விலை கேட்டு வருபவரிடம் தோட்டத்தைக் கேளுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் பம்ப்செட் விற்பது என் தொழில். தென்னந்தோப்புக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். படியேறும்போதே "10 ஹெச்பி சப்மெர்சிபிள் என்ன விலைங்க?" என்பார்கள். மொட்டையாக ஒரு விலையைச் சொன்னால் பேச்சு அதோடு சரி. அடுத்த கடையில் ஐந்நூறு குறைத்துக் கேட்கக் கிளம்பிவிடுவார். சொல்லாமல் மழுப்பினாலோ சந்தேகம் வரும். எனவே முதலில், இத்தனையிலிருந்து இத்தனை வரை இருக்கிறது என்று விலையைச் சொல்லிவிடுவேன். பிறகு, "உட்காருங்கண்ணா, உங்க போருக்கு எது ஆகும்னு பார்த்துருவோம்" என்பேன்.

இதற்குப் பின் நான் கேட்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். அவர் தோட்டத்தைப் பற்றி அவரைவிட விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை.

"தண்ணி எத்தனை அடியில நிக்குதுங்க?"

"முன்ன 300. இப்ப 400க்குப் போயிருச்சு. மோட்டார் 500ல தொங்குது."

"எவ்வளவு நேரம் ஓடுதுங்க?"

"அரை மணி நேரங்க. அப்புறம் காத்து வாங்குது."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. போரில் ஊற்று குறைந்துவிட்டது. பெரிய மோட்டார் போட்டால் இருப்பதை இன்னும் சீக்கிரம் உறிஞ்சிவிட்டு வெறுமனே ஓடும், காயில் எரியும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். பில் வராததால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டதையே நாமும் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அதைக் குறை சொல்லாமல், அவர் வார்த்தையையே எடுத்துக்கொள்வேன்: "நீங்க சொன்ன மாதிரி அரை மணியில காத்து வாங்குதுன்னா, 10 போட்டா பத்து நிமிசத்துலயே வாங்கும்ங்க. அதே உயரத்துக்கு ஏத்தற மாதிரி, தண்ணி கொஞ்சம் கம்மியா எடுக்கற 7.5 போதும். தண்ணி இல்லைன்னா தானா நிக்கற மாதிரி பேனல் வெச்சுக்கலாம்." சொட்டுநீர் போடாதவராக இருந்தால், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருப்பதையும் சொல்வேன். அதில் எனக்கு வியாபாரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் சொல்வதைக் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

ஊர்க்கதையும் பேசத்தான் வேண்டும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா, காய் என்ன விலைக்குப் போகிறது, வெள்ளை ஈ எப்படி இருக்கிறது என்று விசாரிக்கலாம். ஆனால் வாடல் நோயில் மரங்களை வெட்டியவரிடம் "எல்லாம் சரியாயிருமுங்க" என்று பூசி மெழுகக்கூடாது. "எத்தனை மரம் போச்சுங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். அவரே பேசுவார்.

கூட வந்தவர்களை விட்டுவிடாதீர்கள். மோட்டார் இறக்கித் தரும் மெக்கானிக் வந்திருந்தால் கேபிள் சைஸை அவரிடமே கேட்பேன். மனைவி வந்திருந்தால் தவறாமல் ஒரு கேள்வி உண்டு: "ராத்திரி த்ரீ பேஸ் வந்தா யாருங்க போய்ப் போடறது?" பின்னால் நிற்கும் அக்கா, "நான்தானுங்க, டார்ச் எடுத்துக்கிட்டுப் போகணும்" என்பார். போனிலிருந்தே போட்டு நிறுத்தும் ஸ்டார்டரைப் பற்றி அதுவரை காதில் வாங்காத வீட்டுக்காரர், அப்போதுதான் திரும்பி மனைவியைப் பார்ப்பார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை.

பேரம் முற்றினால் மல்லுக்கட்டுவதும் இல்லை. ஹெச்பி, ஸ்டேஜ், கேபிள் சைஸ் மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்து, "இதே அயிட்டத்தை நாலு இடத்துல விசாரிச்சுட்டு வாங்க" என்று அனுப்புவேன். பலரும் அந்தச் சீட்டோடு திரும்பி வருவார்கள்.

விற்ற பிறகு ஒரு போன் அவசியம். "நல்லா ஓடுதுங்களா?" என்றால் "ஓடுதுங்க" என்று பதில் வரும், அவ்வளவுதான். "ஆம்ஸ் எவ்வளவு எடுக்குதுங்க?" என்று கேட்டால் போய்ப் பார்த்துச் சொல்வார். கோளாறு இருந்தால் காயில் எரிவதற்குள் தெரிந்துவிடும்.

கூட்டமான நாளில் இவ்வளவும் பேச முடியாது. அன்றைக்கு இரண்டே கேள்விதான்: தண்ணீர் எத்தனை அடியில், எவ்வளவு நேரம் ஓடுகிறது. இவ்விரண்டும் தெரியாமல் பில் மட்டும் போடுவதில்லை.