ஓடினால் வலிக்கும் கால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓட்டப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வருவது சகஜம். சகஜம் என்பதாலேயே காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். வலி எங்கே இருக்கிறது, எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது? பாதி நோயறிதல் இந்த மூன்று கேள்விகளிலேயே முடிந்துவிடும்.

நம்பிக்கை: கணைக்காலில் வலி என்றாலே ‘ஷின் ஸ்பிளின்ட்’தான்.

உண்மை: அது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. அதில், எலும்பின் உள்விளிம்பை அழுத்தினால் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்துக்கு வலிக்கும். ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓய்விலும் இரவிலும் வலித்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

நம்பிக்கை: எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இனி ஓடலாம்.

உண்மை: இத்தகைய கீறல் முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிவிடும். கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தில் விழும் கீறல் ஆறுவதற்கு நாளாகும். அதோடு ஓடினால் எலும்பு முழுதாக முறியவும் கூடும்.

நம்பிக்கை: நின்றால் வலி போய்விடுகிறது; பயமில்லை.

உண்மை: அதுவே முக்கியமான தடயம். முழங்காலுக்குக் கீழுள்ள தசைகள் நான்கு அறைகளாக, விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. ஓடும்போது தசை புடைக்க, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஏறக்குறைய ஒரே தூரத்தில் கால் இறுகும். சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். நின்ற சிறிது நேரத்தில் சரியாகும். முழங்காலுக்குப் பின்னால் தசை ரத்தக்குழாயை நெரித்தாலும் இப்படியே வலிக்கும். பாதம் சில்லிட்டுப்போவது அதற்கு ஓர் அறிகுறி.

நம்பிக்கை: மேசையில் படுக்கவைத்துச் சோதித்தால் போதும்.

உண்மை: தசை அறையில் அழுத்தம் ஏறுவது, ரத்தக்குழாய் நெரிபடுவது ஆகிய இரண்டு நோய்களிலும் ஓய்வாக இருக்கும் கால் இயல்பாகவே தெரியும். வலி வரும்வரை ஓடவைத்து, உடனே சோதிக்க வேண்டும். தசை அறையின் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளப்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, ஓடி முடித்த 1 நிமிடத்தில் 30 மி.மீ. பாதரச அளவோ அதற்கு மேலோ இருந்தால் அது நோயின் அடையாளம்.

நம்பிக்கை: கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது இயல்பு.

உண்மை: உழைப்புக்கு ஏற்ற உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையாக அது இருக்கலாம். அந்த நிலையில் எலும்பு வலுவிழந்து எளிதில் கீறல் விழும். கால்வலியோடு வரும் வீராங்கனையிடம் மருத்துவர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அவரும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், கால் கல்லாக இறுகினால் நீவிவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதமே தசையைச் சாகடித்துவிடும்.