நசுங்கல் பொறுக்கும், கீறல் பொறுக்காது

கேள்வி: கார் பம்பர் நசுங்கிவிட்டது. கதவில் கீறல், டேஷ்போர்டிலும் கோடுகள். வீட்டிலேயே சரிசெய்யலாமா?
– ஒரு வாசகர், சாந்தோம்

பதில்: முதலில் கதவைப் பாருங்கள். கீறலில் நகம் சிக்காவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட் போதும். சிக்கி, உள்ளே தகரம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, துரு தொட்டிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், டச்-அப் பெயின்ட், மேலே கிளியர் கோட் என்று வையுங்கள். ஒட்டுப்போட்டது தெரியும்தான், துருவுக்கு அது தேவலை. இன்ஷூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்பீர்கள். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் என்று வளரும் நோ கிளெய்ம் போனஸை ஒரு கீறலுக்காக இழப்பது கட்டுப்படியாகாது.

பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். வெந்நீர் ஊற்றி இளக்கி, கையுறையோடு உள்ளிருந்து தள்ளினால் பல நசுங்கல்கள் எழும்பிவிடும். தகரத்திடம் இந்த வித்தை பலிக்காது. ஆனால் பெயின்ட் விரிசல் விடாத தகர நசுங்கல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தாலும் பார்வைக்குத்தான் குறை. டிங்கரிங் கடைக்கு நிதானமாகப் போகலாம். டேஷ்போர்டு கோடுகளுக்கு அந்த அவசரமும் இல்லை. அங்கே ஹீட் கன்னை மட்டும் பிடிக்காதீர்கள், சொரசொரப்பு உருகிப் பளபளவென்று திட்டு விழும். கோடே மேல் என்றாகிவிடும்.