வானத்துப் படத்தில் புகையும் தூசியும்: பார்த்துப் படிப்பது எப்படி?



கடந்த கோடையில் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு செயற்கைக்கோள் படம் சுற்றியது. அரபிக்கடலின் மேல் பழுப்புப் படலம். "பாலைவன நச்சுத் தூசி இன்றிரவு நம் கரைக்கு வருகிறது" என்று அடியில் ஒரு வரி. அதை நம்பி, இழுப்பு உள்ள வயதான தாயார் ஒருவரை வீட்டார் ஜன்னலை எல்லாம் அடைத்துப் படுக்க வைத்தார்கள். மின்வெட்டு வேறு. நடுநிசியில் அவருக்கு மூச்சு முட்டியது. காரணம் தூசியல்ல, புழுக்கம். அல்ஹம்துலில்லாஹ், ஜன்னலைத் திறந்து மருந்து கொடுத்ததும் தேறிவிட்டார்.

அந்தப் படம் பொய்யல்ல, பழையது. 2015 ஏப்ரல் தொடக்கத்தில் அரேபியப் பாலைவனத்தில் கிளம்பிய தூசி, நம் பிள்ளைகள் வேலை செய்யும் துபாயை மூடி, அரபிக்கடலைத் தாண்டி, இரண்டு மூன்று நாளில் குஜராத், மும்பை வானத்தை மங்கலாக்கியது. அப்போது எடுத்த படத்தைத்தான் யாரோ தேதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார். நாசாவின் 'வேர்ல்டுவியூ' தளம் எல்லோருக்கும் இலவசம். அதில் தேதியை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நம் கல்லூரி மாணவர் ஒருவர் கால்மணி நேரத்தில் அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே படம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது என்றைக்கு எடுத்தது என்பதே.

அடுத்தது நிறம். மேகம் வெண்மையாக, திட்டுத்திட்டாகத் தெரியும். தூசி மணல் நிறம். காட்டுத் தீயின் புகை சாம்பலும் நீலமும் கலந்து, ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் விசிறிபோல் விரியும். ஒடுங்கிய முனைதான் தீ. அங்கே சிவப்புப் புள்ளி வைத்திருந்தால், செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி அவ்விடத்தில் மிகுந்த வெப்பத்தைக் கண்டது என்று பொருள். 'மோடிஸ்' கருவியில் ஒரு புள்ளி சுமார் 1 கிலோமீட்டர் சதுரம். 'விர்ஸ்' கருவியில் 375 மீட்டர். தெருமுனைக் குப்பைத் தீ பெரும்பாலும் இதில் சிக்காது. நம் மூக்குக்குத்தான் சிக்கும்!

நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு தவறு செய்தார்கள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாய்க் கிடந்ததைப் புகை என்று சொல்லிவிட்டார்கள். அது நம் உப்பளம். பாத்தியில் உப்பு விளைந்திருக்கும் நாளில் அது வானத்திலிருந்து பளீரென்று தெரியும். மறுநாள் படத்தையும் பாருங்கள். புகையானால் நகர்ந்திருக்கும், உப்பளம் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது காற்று. இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் மாண்டஸ் புயல். 2022 டிசம்பர் 9 இரவு அது மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. அதே டிசம்பர் 9 அன்று இலங்கையில் காற்று மாசு காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நமக்கு மழைக்கு விடுமுறை, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் புகைமூட்டத்துக்கு விடுமுறை. வங்கக் கடல் புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். அதனால் புயலுக்கு மேற்கே வாடை பலமாக இறங்கி, இந்தியாவின் மாசுக் காற்றைத் தெற்கே தள்ளியது.

குளிர்காலத்தில் நம் நாட்டுப் புகை கடலுக்கு மேல் போவது புதிதல்ல. 1999இல் 'இண்டோயெக்ஸ்' ஆய்வு இந்தியப் பெருங்கடலின் மேல் படர்ந்திருந்த பழுப்பு மூட்டத்தை அளந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான வீரபத்ரன் ராமநாதன் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செயற்கைக்கோள் மட்டும் போதாதென்று கப்பலும் விமானமும் அனுப்பித்தான் அளந்தார்கள்.

ஏன் போதாது? செயற்கைக்கோள் மேலிருந்து கீழே பார்க்கிறது. புகை மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, நம் முற்றத்தில் நிற்கிறதா என்பதைச் சாதாரணப் படம் சொல்லாது. மேகம் மறைத்தால் ஒன்றுமே தெரியாது. 2023 ஜூனில் கனடாக் காட்டுத் தீயின் புகை நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியபோதும், மக்கள் வெளியே வரலாமா என்பதைத் தரையில் இருந்த கருவிகளின் அளவை வைத்துத்தான் சொன்னார்கள். நமக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி இருக்கிறது. அதில் புதுச்சேரியின் எண்ணைப் பாருங்கள். 200ஐத் தாண்டினால் இழுப்பு உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் வீட்டிலிருப்பது நல்லது. அப்போதும் அறையில் விறகடுப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி வேண்டாம்.

இனி இப்படிப் படம் வந்தால், பிறருக்கு அனுப்புமுன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் அங்கே இருப்போம், இன்ஷா அல்லாஹ். தேதியும் காற்றும் பார்த்துச் சொல்கிறோம்.